நட்சத்திரம் வாங்கிய பள்ளம்

பட்டாணியின் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் நேரே கால்வாய்தான். கால்வாய் என்று பேர்தானே தவிர, அதில் தண்ணீர் ஓடி முப்பது வருடம் ஆகியிருந்தது. தண்ணீருக்குப் பதிலாக அதில் முட்செடி இருந்தது, உடைந்த நாற்காலிகள் இருந்தன, ஒரு ஃபிரிட்ஜின் கதவு இருந்தது. கதவு இங்கே இருக்க, ஃபிரிட்ஜ் எங்கே போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சுத்தம் செய்யத் தொடங்கிய முதல் நாளில் மட்டும் பதினேழு செருப்புகள் கிடைத்தன. பதினேழும் இடது கால் செருப்பு.

அந்த வேலையை ஆரம்பித்துவைத்தவர் பிளம்பர் அக்கா. தெருவில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவர்தான் வருவார். அதனால் எல்லா வீட்டுச் சமையலறையும் அவருக்கு அத்துப்படி. ஒரு நாள் வீடு வீடாகப் போய், ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மாதானே இருக்கிறீர்கள், வந்து கால்வாயைத் தோண்டலாமே என்று கேட்டார். நாளைக்கே குழாய் ஒழுகினால் அவரைத்தானே கூப்பிட வேண்டும்? மாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இப்படித்தான் தெருவே மண்வெட்டியைத் தூக்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் இருபது அடி நீளம் பங்கு. பங்குக்குப் பங்கு முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். நடந்து போக வசதியாகப் பங்குக்கும் பங்குக்கும் நடுவில் ஒரு சிறு மண் வரப்பையும் விட்டுவைத்தார்கள்.

பட்டாணிக்கு வயது பத்து. உயரம் மட்டும் ஏழு வயதிலேயே நின்றுவிட்டது. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

மூன்றாவது வாரம் வேலை தூங்கி வழிந்தது. முதுகு வலி என்றார் ஒருவர், உறவினர் வருகிறார் என்றார் இன்னொருவர். பட்டாணி ஒரு யோசனை செய்தாள். பழைய துடைப்பக் கட்டையில் சாணுக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டு அளவுகோல் ஆக்கினாள். மஞ்சள் அட்டையில் ஒரு நட்சத்திரம் வெட்டினாள். ஒவ்வொரு ஞாயிறும் வேலை முடிந்ததும் எல்லாப் பங்கிலும் இறங்கி அளப்பாள். எது அதிக ஆழமோ, அந்த முளைக்கு நட்சத்திரம்.

பெரியவர்கள் அட்டை நட்சத்திரத்துக்கு ஆசைப்படுவார்களா என்று நினைக்கலாம். பட்டாணியின் அப்பாவையும் பக்கத்து வீட்டு பேக்கரி மாமாவையும் பார்த்திருந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள்.

அப்பா பஸ் ஓட்டுநர். பஸ் சரியான நேரத்துக்கு வந்தால் ஓட்டுநர் என்று ஒருவர் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. ஐந்து நிமிடம் தாமதமானால் மட்டும் எல்லாரும் அவர் முகத்தையே முறைத்துப் பார்ப்பார்கள். பதினோரு வருடம் வண்டி ஓட்டியும் ஒருவர்கூட அவரிடம் 'நல்லா ஓட்டுறீங்க' என்று சொன்னதில்லை. முதல் நட்சத்திரம் கிடைத்த அன்று அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போனார். சாமான் எதுவும் வாங்காமல் திரும்பி வந்தார். அடுத்த வாரமும் அவருக்கே நட்சத்திரம். அதற்கடுத்த வாரமும் அவருக்கே.

பேக்கரி மாமா விடுவாரா? மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கைகள் அவருக்கு. அப்பா ஒரு சாண் தோண்டினால் அவரும் ஒரு சாண் தோண்டினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். ஓரக்கண்ணால் அளந்துகொண்டே தோண்டுவார்கள்.

மேலே இருந்தது கறுப்புச் சேறு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு களிமண் வந்தது. மண்வெட்டியைப் பிடித்தால் விடாது, அவ்வளவு பிசுபிசுப்பு. மற்ற வீட்டுக்காரர்கள் கெட்டித் தரை வந்துவிட்டது என்று அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்பாவும் பேக்கரி மாமாவும் நிறுத்தவில்லை. ஒரு முழம் களிமண்ணையும் வெட்டிக் கரையில் கொட்டினார்கள். அதற்கும் கீழே பளபளவென்று மணல் வந்தது.

இவ்வளவு சுத்தமான மணல் யார் பங்கில் இருக்கிறது என்று அப்பா எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

கடைசி இடம் எப்போதும் பல் டாக்டருக்குத்தான். ஒரு வேரைப் பிடுங்குவதற்கு முன்னால் அதை நான்கு பக்கமும் தட்டிப் பார்ப்பார். பிடுங்கிய பிறகு அந்த ஓட்டையை மண் வைத்து நன்றாக அடைப்பார். ஒரு வேருக்கு அரை மணி நேரம். அவருடைய பங்கில் அளவுகோல் இரண்டாவது கோட்டைத் தாண்டியதே இல்லை.

கொட்டிய களிமண்ணை அள்ளிப்போய்த் தெருப் பிள்ளைகள் பொம்மை செய்தார்கள். யானை, லாரி, மூக்கு மட்டும் பெரிதாக ஒரு தலைமையாசிரியர். பட்டாணி ஒரு கிண்ணம் செய்தாள்.

தோண்டுவது முடியும் சமயத்தில் கால்வாய் அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். முழங்கால் வரை பூட்ஸ் போட்ட பெண்மணி. அதிகம் பேசாதவர், ஆனால் பேசியதைச் சுற்றிவளைக்காமல் பேசினார். அடுத்த வாரம் ஞாயிறு தண்ணீர் திறந்துவிடுவார்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு அவர் வந்து பாலத்துத் தூணில் இருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார்ப்பார். அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் நான்கு விரலுக்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. இறங்கியிருந்தால் கால்வாயை மூடிவிட்டு, அந்த இடத்தை வண்டி நிறுத்த விட்டுவிடுவார்கள்.

"ஒழுகுற கால்வாய்க்குத் தண்ணி குடுத்தா கீழ இருக்குற ஊருக்குத் தண்ணி போகாது. அதனாலதான் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு ஆழமாகத் தோண்டியிருக்கிறோம், தண்ணீர் எங்கே போய்விடும் என்று நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு நல்ல மழை. சனிக்கிழமை காலையில் பட்டாணி பின்கதவைத் திறந்தாள். படியில் அவள் வைத்திருந்த களிமண் கிண்ணம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. ஒரு குருவி அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கிண்ணத்துக்கு அடியில் படி காய்ந்தே இருந்தது.

அவள் கால்வாயைப் பார்த்தாள். எல்லாப் பங்கிலும் மழைத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. பல் டாக்டர் பங்கில் வானமே தெரிந்தது. அப்பா பங்கிலும் பேக்கரி மாமா பங்கிலும் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

ஆழமான இடத்தில்தானே தண்ணீர் அதிகமாக நிற்க வேண்டும்?

பட்டாணி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பள்ளத்தில் இறங்கினாள். மணலில் ஊற்றிவிட்டு எண்ணத் தொடங்கினாள். நாற்பது எண்ணுவதற்குள் தண்ணீர் காணாமல் போனது. அடுத்த வாளியை வரப்பைத் தாண்டிப் பல் டாக்டர் பங்கில் ஊற்றினாள். இருநூறு வரை எண்ணினாள். தண்ணீர் அசையவில்லை.

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தச் சாம்பல் களிமண் சேறு இல்லை. கால்வாய் கட்டியவர்கள் தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க அடியில் பூசிவைத்தது. அதைத்தான் அப்பா வெட்டி எறிந்திருக்கிறார். வெட்ட வெட்ட இவள்தான் நட்சத்திரம் கொடுத்திருக்கிறாள்.

காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

இதைச் சொன்னால் தெருவே அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும். சொல்லாவிட்டால் கால்வாய் போய்விடும். அம்மாவிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். அம்மா தன் சலவைக் கடையில் தெருவிலுள்ள அத்தனை பேரின் சேற்றுச் சட்டைகளோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்ததில், இது முதலில் அப்பாவுக்குத்தான் தெரிய வேண்டும் என்று பட்டாணிக்குத் தோன்றியது. மற்றவர்கள் வாயால் அவர் இதைக் கேட்கக் கூடாது.

மதியம் அப்பா வேலை முடிந்து வந்தார். சீருடையைக்கூட மாற்றவிடாமல் அவள் அவரைப் பின்பக்கம் அழைத்துப்போனாள். எதுவும் சொல்லாமல் ஒரு வாளியை மணலில் ஊற்றினாள். இன்னொன்றைப் பல் டாக்டர் பங்கில் ஊற்றினாள். பிறகு கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அப்பா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மூணு வாரமா நான் ஓட்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார் கடைசியில்.

"நட்சத்திரம் குடுத்தது நான்தானே பா."

அப்பா மண்வெட்டியை எடுத்தார். யாரும் வருவதற்குள் நாமே மூடிவிடலாம் என்றார். கரையில் கிடந்த மண்ணை இருவரும் வாரி வாரிப் பள்ளத்தில் போட்டார்கள். ஒரு மூலை நிரம்பியதும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். கட்டிகளுக்கு நடுவே புகுந்து அது ஓடியே போய்விட்டது. மேல்பக்கம் மட்டும்தான் மழையில் நனைந்திருந்தது, உள்ளே களிமண் பல நாள் வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. சும்மா போட்டால் போதாது, ஊறவைத்து, பிசைந்து, இறுக்கிப் பூச வேண்டும். இருபது அடி அப்பாவுக்கு, இருபது அடி பேக்கரி மாமாவுக்கு. இரண்டு பேரால் ஒரு வாரத்தில் ஆகிற காரியம் இல்லை.

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் வாடிப்போயிருந்தது. பட்டாணிக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லணும் பா" என்றாள். "நான் சொல்றேன். நீங்க பேசாம இருங்க, போதும்."

மறுநாள் காலை தெரு முழுக்கக் கரையில் கூடியிருந்தது. பிளம்பர் அக்கா எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். தண்ணீர் திறக்கும் அன்று கட்ட வேண்டிய தோரணம் நீலமா பச்சையா என்று பேச்சு நடந்தது. பட்டாணி ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றாள். ஏறினால்தான் அவள் தெரிவாள்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "ஆழமாத் தோண்டுறவங்களுக்கு நட்சத்திரம்னு சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அடியில இருந்த களிமண்ணுதான் தண்ணியத் தாங்குது. அதை எடுத்துட்டா எல்லாம் மணல்ல இறங்கிடும்."

எந்தப் பங்கில் என்று யாரோ கேட்டார். பட்டாணி வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"என் பங்குலதான். நட்சத்திரம் அவளோடது, ஆனா மண்வெட்டி என்னோடது. களிமண்ணு வந்ததும் எல்லாரும் நிறுத்துனீங்க, நான் நிறுத்தல."

பட்டாணி கூட்டத்தைப் பார்க்கப் பயந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. பேக்கரி மாமாதான் தொண்டையைச் செருமினார்.

"உங்க பங்கு மட்டுமா ஓட்டை? உங்களைவிட ஒரு விரல் கூடத் தோண்டணும்னு நான் வியாழக்கிழமை யாருக்கும் தெரியாம வந்து தோண்டியிருக்கேன்" என்றார். "எனக்கு அந்த நட்சத்திரம் அவ்வளவு வேணும்போல இருந்துச்சு."

இப்போது சிரித்தார்கள். முதலில் சிரித்தது அப்பாதான். ஒரு முறைகூட நட்சத்திரம் வாங்காத தன் பங்கு எப்படி இருக்கிறது என்று பல் டாக்டர் தயங்கித் தயங்கி விசாரித்தார். கால்வாயிலேயே அதுதான் முதல் தரம் என்று பட்டாணி சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பிளம்பர் அக்கா பள்ளத்தில் இறங்கி மணலைக் கையில் எடுத்துப் பார்த்தார். தனக்குக் குழாயைத்தான் தெரியும், கால்வாய் தனக்கும் புதிது, முதல் நாளே இதை விசாரித்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். குழாய் இணைப்பில் கசிவு வந்தால் பசை வைத்து இறுக்குவது போலத்தான் இதுவும் என்றார். களிமண்ணை உடைத்து, ஊறவைத்து, மெல்லிய அடுக்கு அடுக்காகப் போட்டுக் காலால் மிதிக்க வேண்டும். அடுக்குக்கு நடுவே இடுக்கு இருக்கக் கூடாது. ஞாயிறுக்குள் முடிய வேண்டும்.

அன்றே வேலை தொடங்கியது. மறுநாளிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள், வேலை விட்டதும் பெரியவர்கள் என்று எல்லாரும் பள்ளத்தில் இறங்கினார்கள். மூன்று நாள் ஆளுக்கொரு பக்கம் குதித்தார்கள். களிமண் ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கம் பிதுங்கியது. புதன்கிழமை அம்மா கரையில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"இப்படியா மிதிப்பாங்க? தள்ளுங்க."

சலவைக் கடையில் கனமான கம்பளிகளைத் தொட்டியில் போட்டு மிதித்தே துவைப்பவர் அம்மா. குதிகாலை முதலில் ஊன்றி, பாதத்தை மெல்லத் திருப்பி, முன் வைத்த அடியில் பாதியை மூடுகிற மாதிரி அடுத்த அடி வைத்தார். அவருக்குப் பின்னால் களிமண் மொழுமொழுவென்று படிந்தது. எல்லாரும் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று அவர் மிதித்த மாதிரியே மிதித்தார்கள். பேக்கரி மாமாவுக்கும் அப்பாவுக்கும் அடி ஒத்துப்போகவே ஒரு நாள் பிடித்தது. வீட்டுக்கு வந்ததும், இத்தனை நாள் துணி துவைத்தது போதாதென்று இப்போது மண்ணையும் துவைக்க வைத்துவிட்டீர்கள் என்று அம்மா அலுத்துக்கொண்டார். ஆனால் மறுநாளும் முதல் ஆளாக அவர்தான் வந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை களிமண் போதவில்லை. ஒரு மூலை பாக்கி இருந்தது. பிள்ளைகள் தங்கள் பொம்மைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். லாரி போனது, தலைமையாசிரியர் போனார். பட்டாணியும் தன் கிண்ணத்தை உடைத்து வாளியில் ஊறப்போட்டாள். பல் டாக்டரின் மகனுக்கு ஐந்து வயது. யானையைத் தருகிறேன், ஆனால் அதை யாரும் மிதிக்கக் கூடாது என்று அவன் நிபந்தனை போட்டான். பட்டாணி யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். யானையை முழுசாக ஓரத்தில் படுக்கவைத்து, சுற்றிலும் களிமண்ணை அப்பி, மேலே போர்வை மாதிரி ஓர் அடுக்கு மூடினாள். அவன் வந்து பார்த்துத் திருப்தி என்று தலையாட்டினான்.

சனிக்கிழமை வரப்புகளை வெட்டி எடுத்தார்கள். ஞாயிறு பத்து மணிக்கு மதகு திறந்தது. முதலில் நுரைதான் வந்தது. பிறகு பழுப்பாக, அவசரமே இல்லாமல் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு வீட்டையும் தாண்டி, பாலத்துக்கு அப்பால் மூடிவைத்திருந்த மதகில் தேங்கி உயர்ந்து, தூணின் வெள்ளைக் கோட்டைத் தொட்டதும் மேல் மதகையும் மூடினார்கள். அன்று முழுவதும் அப்பா பின்கதவுக்கும் முன்கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். எத்தனை முறை பார்த்தாலும் நாளைக் காலையில்தான் தெரியும், உட்காருங்கள் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அவர் உட்காரவில்லை.

திங்கள் காலை அவருக்கு ஐந்தரைக்கே வண்டி. கிளம்பும்போது பட்டாணியை எழுப்பினார்.

"எட்டு பத்துக்குப் பாலத்து நிறுத்தத்துக்கு வருவேன். நீ அங்க இருப்பியா?"

"இருக்கேன் பா."

எட்டு மணிக்குப் பொறியாளர் பாலத்தின் படிகளில் இறங்கினார். பிளம்பர் அக்கா அவருக்குப் பின்னால் நகத்தைக் கடித்தபடி நின்றார். பட்டாணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். பொறியாளர் தூணுக்குப் பக்கத்தில் குனிந்து, கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே விரல்களை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தன் தாளில் கையெழுத்துப் போட்டார்.

எட்டு பத்துக்குப் பஸ் வந்து நின்றது. ஏறுபவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஓட்டுநர் ஜன்னலைத் தள்ளித் திறந்து எட்டிப் பார்த்தார். கேட்க அவருக்கு வாய் வரவில்லை என்று பட்டாணிக்குப் புரிந்தது.

"ரெண்டே விரல் பா" என்றாள். "கையெழுத்துப் போட்டுட்டாங்க."

அப்பா தலையை ஆட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கால்வாய்ப் பக்கம் திரும்பினார்கள். முன் இருக்கையில் இருந்த பெண், தினமும் இந்த வழியாகத்தான் போகிறேன், இங்கே தண்ணீரைப் பார்த்ததே இல்லையே, இதை யார் செய்தது என்று ஓட்டுநரிடமே கேட்டார்.

"தோண்டினது நான்தாங்க" என்றார் அப்பா. பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "தண்ணிய நிக்க வெச்சது அதோ நிக்கிறாளே, என் பொண்ணு."

இரண்டு வரிசை ஜன்னல்களிலிருந்தும் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பட்டாணி புத்தகப் பையை இழுத்து விட்டுக்கொண்டாள். அப்பா கதவை மூடி வண்டியை எடுத்தார்.

பஸ் திரும்பி மறைந்த பிறகு அவள் பள்ளிக்குக் கிளம்பினாள். கடைத்தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம்தான். அவள் கரையோரமாகவே நடந்தாள்.